கல்லும் சீமெந்தும் விற்காத கம்பனி

சென்ற மாதம் ஒலிபரப்பில் நான் பேசியதை எழுத்தில் தரும்படி பலர் கேட்டிருந்தீர்கள். நேரம் போதாமல் அன்றைக்கு விட்டுப்போன சில விடயங்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

மில்லிக்கன் புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டீல்ஸ் வீதியைத் தண்டவாளத்துக்குக் கீழே இறக்கும் வேலை நடந்தபோது அந்த வழியால் கார் ஓடியவர்களுக்கு அந்த அவதி மறந்திருக்காது. முன்பு கேற் விழுந்தால் காத்திருந்தோம், பிறகு வேலை நடக்கிறதென்று காத்திருந்தோம். அப்படி நின்ற ஒரு நாளில் என் பேத்தி வேலியில் தொங்கிய அறிவிப்புப் பலகையைப் பார்த்துக் கேட்டாள். "அம்மப்பா, ஒராள் காசு குடுக்கிறார், ஒராள் கட்டுறார். மூன்றாவதாய் ஒரு பேர் கிடக்கு, அவர் என்ன செய்யிறவர்?" அவர் யோசிக்கிறவர் என்றேன். "யோசிக்கிறதுக்கும் காசு குடுப்பினமோ?" என்றாள்.

கொடுப்பார்கள், பிள்ளை. நல்ல காசே கொடுப்பார்கள். அந்த யோசிக்கிறவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஊரில் நாங்கள் வீடு கட்டினால் மேசனாரைக் கூப்பிடுவோம். அவரே அளப்பார், அவரே கணக்குச் சொல்வார், அவரே கட்டுவார். பெரிய வேலைகளில் அப்படி விட முடியாது. கட்டுகிறவருக்குக் கம்பி குறைந்தால் லாபம், சீமெந்து குறைந்தால் லாபம். ஆகவே கட்டுகிறவரிடம் பணம் வாங்காத, கல்லும் சீமெந்தும் விற்காத ஒருவர், கட்டுவிப்பவரின் பக்கத்தில் நின்று, என்ன கட்டலாம், எவ்வளவு கம்பி வேண்டும், நிலம் தாங்குமா என்று கணக்குப் போட்டு, வரைபடம் வரைந்து, கேள்விப்பத்திரம் தயாரித்து, வேலை நடக்கும்போது வந்து பார்த்து, கடைசியில் கையொப்பம் இடுகிறார். அவர்தான் ஆலோசனைப் பொறியியலாளர். அவர் விற்பது அந்தக் கையொப்பத்தை.

உலகத்தில் இப்படிப்பட்ட நிறுவனங்கள் ஏராளம். கனடாவிலேயே மிகப் பெரியவை உண்டு. நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: லண்டனில் 1946இல் தொடங்கிய ஆரப். யோர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்வரும் பிள்ளைகள், 2017 டிசெம்பரில் திறந்த அந்த நிலத்தடி நிலையத்தின் வளைந்த கூரைக்குக் கீழே தினமும் நடக்கிறார்கள். அதை வடிவமைத்தவர்களில் கட்டடக் கலைஞர் நோர்மன் பொஸ்டரின் அலுவலகத்தோடு ஆரப்பும் சேர்ந்திருந்தது. ஆகவே நமக்கு முற்றிலும் அந்நியமான பெயர் என்று சொல்ல முடியாது.

நிறுவியவர் பெயர் ஓவே ஆரப். 1895இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தார். தகப்பன் டென்மார்க்கைச் சேர்ந்த மிருக வைத்தியர், தாய் நோர்வேக்காரி. குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகருக்குப் பெயர்ந்தது. பாடசாலையும் பல்கலைக்கழகமும் டென்மார்க்கில். முதலில் படித்தது தத்துவம்! அது வயிற்றைக் கழுவாது என்று நினைத்தாரோ என்னவோ, பிறகு பொறியியல் படித்து 1922இல் பட்டம் பெற்றார். ஒரு டேனிஷ் கொங்கிறீற் கம்பனியில் சேர்ந்து, அவர்களால் லண்டனுக்கு அனுப்பப்பட்டார். பிறந்தது ஒரு நாடு, வளர்ந்தது ஒரு நாடு, படித்தது ஒரு நாடு, பேசுவது நாலு மொழி. நம் பிள்ளைகளைப் போல ஒரு மனிதர் என்று சொன்னால் மிகையாகாது.

அக்காலத்தில் கட்டடக் கலைஞர் ஒரு படம் கீறுவார், பொறியியலாளர் அதை விழாமல் நிறுத்திக் கொடுப்பார், ஒப்பந்தக்காரர் கட்டுவார். ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பது குறைவு. ஆரப்புக்கு இது பிடிக்கவில்லை. முதல் கோடு கீறும்போதே எல்லோரும் ஒரே மேசையில் இருக்க வேண்டும் என்றார். 1934இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பென்குவின்களுக்கு ஒரு குளம் கட்டினார்கள். இரண்டு கொங்கிறீற் சரிவுப் பாதைகள், நடுவில் ஒரு தூணும் இல்லாமல், ஒன்றையொன்று சுற்றி இறங்குகின்றன. கட்டடக் கலைஞர் லுபெற்கினும் ஆரப்பும் சேர்ந்து செய்தது. பென்குவின்களை இப்போது வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். குளம் மட்டும் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக நிற்கிறது.

இனி சிட்னி. இந்த நிறுவனத்தின் பெயரை உலகறியச் செய்ததும், அதைக் கிட்டத்தட்ட உடைத்துப் போட்டதும் சிட்னி ஒப்பேரா மண்டபம்தான்.

1957இல் முடிவு அறிவிக்கப்பட்ட போட்டிக்கு 200க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. வென்றவர் டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உற்சன், அப்போது 38 வயது. அவர் அனுப்பியது அழகான கோட்டோவியம். பாய்மரங்கள் காற்றில் விரிந்தது போன்ற கூரைகள். கணக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கூரையை நிற்கவைக்கும் பொறுப்பு ஆரப்பிடம் வந்தது. அரசியல் அவசரத்தில் 1959இலேயே அடித்தளம் போடத் தொடங்கிவிட்டார்கள், மேலே வரப்போகும் கூரை எப்படி இருக்கும், என்ன பாரம் என்று எவருக்கும் தெரியாத நிலையில். அத்திவாரத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குத் திட்டம் தேடுவது போன்ற வேலை. பிறகு கூரையின் பாரம் தெரிந்தபோது, ஏற்கெனவே கட்டிய சில தூண்களை உடைத்துப் பலப்படுத்த வேண்டியிருந்தது.

நாலு வருடமாக அந்தக் கூரைக்கு வடிவம் தேடினார்கள். பரவளைவு போட்டுப் பார்த்தார்கள், நீள்வட்டம் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு பாய்மரத்துக்கும் வெவ்வேறு வளைவு என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி அச்சுச் செய்ய வேண்டும். அந்தச் செலவை எந்த அரசும் தாங்காது. 1961இல் விடை வந்தது. எல்லாக் கூரைகளையும் ஒரே பந்தின் மேற்பரப்பில் இருந்து வெட்டி எடுக்கலாம். ஒரு தோடம்பழத்தின் தோலை வெவ்வேறு அளவில் சீவி எடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். துண்டுகள் சிறிதும் பெரிதுமாக இருக்கலாம், வளைவு மட்டும் ஒன்றே. அந்தக் கற்பனைப் பந்தின் ஆரை சுமார் 75 மீற்றர். வளைவு ஒன்றாக இருந்தால் அச்சும் சிலவே போதும். திரும்பத் திரும்ப அதே அச்சில் வார்த்து, மேலே தூக்கி, கம்பியால் இறுக்கிக் கட்டலாம். மேலே 10 இலட்சத்துக்கும் அதிகமான ஓடுகள் பதிக்கப்பட்டன.

இந்தக் கணக்குகளைக் கையால் போட்டு முடிக்க முடியாது. அப்போதுதான் வந்திருந்த, ஓர் அறையை அடைக்கும் அளவு பெரிய கணினிகளில் போட்டார்கள். கட்டட வேலைக்குக் கணினியைப் பெரிய அளவில் பயன்படுத்திய முதல் திட்டங்களில் இதுவும் ஒன்று. இன்று நம் பிள்ளைகள் மடிக்கணினியில் ஒரு நொடியில் செய்யும் கணக்குக்கு அன்று இரவிரவாக இயந்திரம் ஓடியது.

பணம்? 70 இலட்சம் டொலர் என்று தொடங்கியது 10 கோடி 20 இலட்சத்தில் முடிந்தது. 1963இல் முடியும் என்றது 1973இல் முடிந்தது. இடையில் ஆட்சி மாறி, புதிய அமைச்சரோடு முரண்பட்டு 1966இல் உற்சன் விலகிப் போனார். தான் வரைந்த கட்டடம் முடிந்து நின்றதை அவர் ஒருபோதும் நேரில் பார்க்கவில்லை. ஆரப்பின் ஆட்கள் விலகவில்லை, நின்று முடித்துக் கொடுத்தார்கள். அவர்களும் உற்சனோடு சேர்ந்து விலகியிருக்க வேண்டும் என்று அன்று கோபித்தவர்கள் உண்டு. அரைவாசி கட்டிய கூரையைப் பொறியியலாளர் விட்டுவிட்டுப் போக முடியாது என்பதுதான் என் எண்ணம். ஆனால் உற்சனுக்குப் பட்ட காயமும் உண்மையானது.

அந்தப் புயல் அடங்குவதற்குள், 1970 ஜூலையில், ஆரப் தன் நிறுவனத்தின் பங்காளர்களைக் கூட்டிப் பேசினார். அந்தப் பேச்சை இன்றும் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு வாசிக்கக் கொடுக்கிறார்கள். நல்ல வேலை செய்ய வேண்டும், நேர்மையாக நடக்க வேண்டும், சமூகத்துக்குப் பயன்பட வேண்டும், வேலை செய்கிறவர்கள் மனிதராக நடத்தப்பட்டு ஓரளவு வசதியாக வாழ வேண்டும் என்பதே அதன் சாரம். இப்படியெல்லாம் எல்லாக் கம்பனிகளும்தான் சொல்கின்றன என்று நீங்கள் சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் 1977இல் அவர்கள் செய்தது வேறு. நிறுவனத்தின் உடைமையை ஓர் அறக்கட்டளை அமைப்பிடம் கொடுத்துவிட்டார்கள், அங்கு வேலை செய்கிறவர்களின் நன்மைக்காக. பங்குச் சந்தையில் அதன் பங்கை வாங்க முடியாது. வெளியாள் ஒருவர் விலைகொடுத்து எடுத்துப் பாதியை மூடவும் முடியாது. லாபம் ஊழியர்களுக்குப் பிரிகிறது. இன்று 30க்கும் மேற்பட்ட நாடுகளில் அலுவலகங்கள், 15,000க்கும் அதிகமான ஊழியர்கள். நிறுவியவர் 1988இல் காலமானார். டேர்ஹாம் நகரில் 1963இல் தாமே வரைந்த ஒரு சிறிய நடைபாலத்தில் இருந்து அவரது சாம்பலை ஆற்றில் தூவினார்கள். இரண்டு கரையிலும் பாதி பாதியாகக் கட்டி, கடைசியில் கதவைத் திருப்புவதுபோல் திருப்பி நடுவில் பொருத்திய பாலம் அது. செய்த எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது அந்தச் சின்னப் பாலமே என்பார்கள்.

பாலம் என்றதும் இன்னொரு பாலம். லண்டன் தேம்ஸ் நதிக்குக் குறுக்கே புத்தாயிரம் ஆண்டை முன்னிட்டு ஆரப் வடிவமைத்த நடைபாலம் 2000 ஜூன் 10ஆம் திகதி திறக்கப்பட்டது. சனம் திரண்டு வந்தது. நடக்க நடக்கப் பாலம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. இரண்டு நாளில் மூடிவிட்டார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் சிரித்தன.

ஏன் ஆடியது என்பதை விளங்கிக்கொள்வது சுவையானது. நாம் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் சிறிது இடப்பக்கம், சிறிது வலப்பக்கம் தள்ளுகிறோம். நூறு பேர் நூறு விதமாக நடந்தால் ஒருவர் தள்ளலை மற்றவர் தள்ளல் அழித்துவிடும். ஆனால் தரை சற்றே அசைந்தால் மனிதர் தம்மை அறியாமல் கால்களை அகட்டி, அந்த அசைவோடு ஒத்து நடக்கிறார்கள். வள்ளத்தில் நின்று பழகியவர்களுக்கு இது தெரியும். எல்லோரும் ஒத்து நடந்தால் தள்ளல் கூடும், அசைவு கூடும், அசைவு கூடக் கூட இன்னும் ஒத்து நடப்பார்கள். தாளத்துக்கு ஊஞ்சல் ஆட்டுவது போல. மேலும் கீழும் அசைவதைக் கணக்குப் போட்டிருந்தார்கள், பக்கவாட்டு அசைவுக்கு அப்போதைய விதிமுறைகளில் தெளிவான கணக்கு இருக்கவில்லை.

ஆரப் செய்ததில் எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். பழியை ஒப்பந்தக்காரர் தலையில் போடவில்லை. ஆட்களை நடக்கவிட்டு அளந்தார்கள், காரணத்தைக் கண்டுபிடித்தார்கள், அதிர்வை விழுங்கும் கருவிகள் பொருத்தினார்கள், 2002 பெப்ரவரியில் பாலம் மீண்டும் திறந்தது. சுமார் 50 இலட்சம் பவுண் செலவு. கண்டுபிடித்ததைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு உலகில் கட்டப்படும் நடைபாலங்களுக்கு அந்த அறிவு பயன்படுகிறது.

நம்மவர்களுக்கு இதில் என்ன பங்கு என்று ஒலிபரப்பு முடிந்ததும் ஒரு நேயர் தொலைபேசியில் கேட்டார். இரண்டு பெயர் சொல்கிறேன். முதலாமவர் செசில் பல்மொண்ட். தமிழர் இல்லை, ஆனால் கொழும்பில் 1943இல் பிறந்து, கண்டியில் படித்தவர். 1968இல் ஆரப்பில் சேர்ந்து அதன் உபதலைவர் பதவி வரை உயர்ந்து, 2010இல் விலகித் தனியாகத் தொழில் தொடங்கினார். பீஜிங்கில் உள்ள சீனத் தொலைக்காட்சித் தலைமையகம் அவர் ஈடுபட்ட வேலைகளில் ஒன்று. 234 மீற்றர் உயரம். இரண்டு கோபுரங்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து, உச்சியில் அந்தரத்தில் கைகோர்க்கின்றன. இரண்டையும் இணைத்தது ஒரு மார்கழிக் காலையில், சூரியன் எழுமுன். வெயில் பட்டால் ஒரு கோபுரத்தின் உருக்கு மற்றதைவிடக் கூட நீண்டுவிடும், துளைகள் பொருந்தாது. இரண்டும் ஒரே குளிரில் இருக்கும் வேளை பார்த்து இணைத்தார்கள். முகூர்த்தம் பார்ப்பது நமக்கு மட்டுமான பழக்கம் இல்லை.

மற்றவர் பேராசிரியர் அழகையா துரைராஜா. வடமராட்சியில் பிறந்து, பேராதனையில் கற்பித்து, 1988 முதல் 1994இல் மறையும்வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். பெற்றோல் இல்லாத அந்தக் காலத்தில் சைக்கிளில் வளாகத்துக்குப் போன துணைவேந்தர் என்று பலருக்கு அவரைத் தெரியும். அவர் ஆரப்பில் வேலை செய்யவில்லை. ஆனால் அறுபதுகளின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்ற இருவரோடு சேர்ந்து களிமண் பாரத்தின் கீழ் எப்படி இணங்கிக் கொடுக்கிறது என்பதற்கு ஒரு கணக்குமுறை கண்டவர். 1963இல் மூவர் பெயரிலும் கட்டுரை வந்தது. கேம்பிரிட்ஜ் நகரின் ஆற்றுப் பெயரால் அந்த மண் மாதிரியை அழைக்கிறார்கள். இன்று ஆழமான அத்திவாரமோ சுரங்கப் பாதையோ வடிவமைக்கும் ஆலோசனை நிறுவனம் எதுவானாலும், அதன் கணினிகளில் அந்த வழிவந்த கணக்கு இருக்கும். நம் வடமராட்சி ஐயாவின் பெயர் அங்கே கிடக்கிறது, வாசிக்கிறவர்களில் அரைவாசிப் பேருக்கு அதை உச்சரிக்கவே தெரியாது.

ஆலோசனைப் பொறியியலை ஒரேயடியாகப் புகழ்ந்து வைக்கவும் எனக்கு மனமில்லை. மகாவலித் திட்டத்தில் விக்ரோரியா அணை பிரித்தானிய உதவி, வடிவமைத்தது பிரித்தானிய ஆலோசனை நிறுவனம், கட்டியதும் பிரித்தானியக் கம்பனிகள். மாதுறு ஓயாவுக்குக் கனடா உதவியது. உதவி என்று வரும் பணத்தில் பெரும்பங்கு வந்த வழியே திரும்பிப் போவதை நீங்களே ஊகிக்கலாம். மாதுறு ஓயாவில் புது அணைக்கு இடம் தெரிவு செய்து தோண்டியபோது அதே இடத்தில் பழங்கால மதகு ஒன்று வெளிப்பட்டது. ஆயிரம் வருடங்களுக்கு மேற்பட்ட கணக்கும் இன்றைய கணக்கும் ஒரே இடத்தைக் காட்டின. ஆனால் அந்தத் தண்ணீர் எந்தக் காணிக்குப் போகும், அந்தக் காணியில் யார் குடியேற்றப்படுவார் என்பது ஆலோசகரின் வரைபடத்தில் இருக்கவில்லை. அது எங்கே தீர்மானிக்கப்பட்டது, கிழக்கில் அதன் விளைவு என்ன என்பது இந்த மடலை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி கையொப்பம். கனடாவில் பொறியியல் முடித்த பிள்ளைகள் சின்ன விரலில் இரும்பு மோதிரம் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1925இல் தொடங்கிய வழக்கம். அந்த இரும்பு இடிந்த கியூபெக் பாலத்தில் இருந்து எடுத்தது என்பார்கள், அது கதை மட்டும்தான். பாலம் இடிந்தது உண்மை. 1907 ஓகஸ்ட் 29ஆம் திகதி, கட்டிக்கொண்டிருக்கும்போதே விழுந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். பாதிக்குக் கிட்டத்தட்ட மோஹோக் பூர்வகுடிகள். அந்தப் பாலத்தின் ஆலோசனைப் பொறியியலாளர் தியோடர் கூப்பர் புகழ்பெற்றவர், வயதானவர், நியூயோர்க்கில் இருந்தபடியே மேற்பார்வை செய்தார். பாலத்தின் நீளத்தைக் கூட்டியபோது அதன் சொந்தப் பாரத்தைத் திரும்பச் சரியாகக் கணக்கிடவில்லை. உருக்கு வளைகிறது என்று இளம் பொறியியலாளர் ஒருவர் நேரில் போய்ச் சொன்னார். மேலும் பாரம் ஏற்ற வேண்டாம் என்று கூப்பர் தந்தி அடித்தார். அது பாலத்தடிக்குப் போகாமல், பென்சில்வேனியாவில் இருந்த கட்டுமானக் கம்பனிக்குப் போனது. அன்று மாலை பாலம் விழுந்தது.

ஆகவே இந்த நாட்டில் பொறியியலாளர் என்ற பெயரையும் முத்திரையையும் சட்டம் காவல் காக்கிறது. ஒன்ராறியோவில் உரிமம் பெற்றவர்தான் வரைபடத்தில் முத்திரை குத்தலாம். அதில் எனக்குக் குறை இல்லை. குறை வேறு இடத்தில்.

நான் கட்டுபெத்தையில் சிவில் பொறியியல் படித்தவன். 1989இல் இங்கே வந்தேன். முதல் மூன்று வருடம் பிளாஸ்ரிக் வார்க்கும் தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில் விண்ணப்பம். ஒரு நேர்முகத்தில் என்னை இருத்தி வைத்து, உங்கள் நாட்டில் பனி பெய்வதில்லையே, கூரைக்குப் பனிப்பாரம் எப்படிக் கணக்கிடுவீர் என்று கேட்டார்கள். கனடிய அனுபவம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பனிப்பாரம் என்பது விதிமுறைப் புத்தகத்தில் சில பக்கங்கள். நூலகத்தில் ஒரே பின்னேரத்தில் படித்தேன். ஆனால் யாரும் இரண்டாந்தரம் கேட்கவில்லை. பிறகு மார்க்கத்தில் ஒரு சிறிய ஆலோசனை அலுவலகத்தில் வரைஞர் வேலை கிடைத்து, 22 வருடம் அங்கேயே இருந்தேன்.

வரைபடத்தின் வலதுபக்கக் கீழ் மூலையில் ஒரு பெட்டி இருக்கும். வரைந்தவர், வடிவமைத்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் என்று கட்டங்கள். என் பெயரின் இரண்டு எழுத்து எப்போதும் முதல் கட்டத்தில். கணக்குப் போட்டது நான் என்ற நாட்களிலும் அப்படித்தான். முத்திரை இன்னொருவருடையது.

நேர்மையாக மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டு வாசல் திண்ணைக்கு அத்திவார ஆழம் 2 அடி என்று போட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்தில் 2 அடி கிண்டினால் சுண்ணக்கல் வந்துவிடும், அதற்கு மேல் ஏன் போக வேண்டும்? கை பழக்கத்தில் எழுதியது. ரொறொன்ரோவில் அத்திவாரம் 4 அடியாவது இறங்க வேண்டும். குளிர்காலத்தில் மண்ணில் உள்ள நீர் உறைந்து பருத்து, அந்த ஆழத்துக்கு மேலே உள்ள எதையும் தூக்கிவிடும். சரிபார்த்தவர் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் தந்தார். வெட்கமாக இருந்தது. உள்ளூர் அறிவு வேண்டும் என்று கேட்பது நியாயம்தான், அன்றே ஒப்புக்கொண்டேன். சோதித்துப் பார்த்துக் கேட்பது ஒன்று, கதவடியிலேயே அனுப்புவது இன்னொன்று.

உரிமத்துக்கு நாலு வருட அனுபவத்தில் ஒரு வருடமாவது கனடிய உரிமம் பெற்றவரின் கீழ் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அந்த ஒரு வருடத்தைத் தருவதற்குக் கனடிய அனுபவம் கேட்டார்கள். கோழியா முட்டையா என்ற கதைதான். 2013இல் ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம், கண்டிப்பாகக் கனடிய அனுபவம் கேட்பது பாரபட்சம் என்று கொள்கை வெளியிட்டது. 2021இல் மாகாணச் சட்டம் வந்தது. 2023 மே மாதத்தில் ஒன்ராறியோவின் பொறியியலாளர் ஒழுங்குபடுத்தும் சபை அந்தக் கனடிய அனுபவ நிபந்தனையை விண்ணப்பத்தில் இருந்து நீக்கியது. என் ஓய்வுக்குப் பிறகு. எத்தனை பேர் ரக்சி ஓடி, களஞ்சியத்தில் பெட்டி அடுக்கி, பட்டத்தைச் சுவரில் மாட்டி வைத்துவிட்டு இருந்தார்கள் என்பதை நீங்களும் அறிவீர்கள். சிலர் இன்று இல்லை.

கடந்த மாதம் ஒரு அம்மா தொலைபேசியில் கேட்டார், தன் மருமகனுக்கு 41 வயது, இந்தியாவில் பட்டம் பெற்று 8 வருடம் பாலம் கட்டும் வேலையில் இருந்தவர், இனி முயற்சிக்கலாமா என்று. தாராளமாக முயற்சிக்கலாம். நாலு வருட அனுபவம் இன்றும் வேண்டும், அது எந்த நாட்டிலும் இருக்கலாம். செய்த வேலைகளைத் திறமை வாரியாக எழுதிக் காட்ட வேண்டும், அதை உறுதிப்படுத்த அக்காலத்தில் உடனிருந்தவர்கள் வேண்டும். பட்டப்படிப்பு மதிப்பிடப்படும். தொழில் நெறியும் சட்டமும் பற்றிய ஒரு பரீட்சை உண்டு. கனடிய விதிமுறைகளும் காலநிலையும் தெரிந்திருக்க வேண்டும், என் திண்ணைக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய மேலதிகாரிகளின் மின்னஞ்சல் முகவரிகளை இப்போதே தேடி எடுக்கட்டும், ஆட்கள் ஓய்வு பெற்றுப் போனால் தேடுவது கஷ்டம். கட்டாயம் பெரிய நிறுவனத்தில்தான் தொடங்க வேண்டும் என்றும் இல்லை. ஐந்தாறு பேர் உள்ள அலுவலகத்தில் ஒரே ஆள் மண் பரிசோதனை அறிக்கையில் இருந்து வடிகால்வரை எல்லாம் பார்ப்பார், அங்கே பழகுவது கூட.

பேத்தி இப்போது பத்தாம் வகுப்பு. ஸ்டீல்ஸ் பாலத்துக்குக் கீழே கார் இறங்கும்போது, மழைத் தண்ணீர் இந்தப் பள்ளத்தில் நிற்காமல் எங்கே போகிறது என்று போன கிழமை கேட்டாள். தெரிந்தவரை சொன்னேன். அடுத்த மாதப் பேச்சு அதைப் பற்றியது. கேள்விகள் உள்ளவர்கள் வழமைபோல நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள்.